லைசோசோம் நொதிகளும் மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொதிப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். முடிவுத் தாளை வாங்க வரும் பெற்றோரும், போனில் கூப்பிடும் உறவினர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். குழந்தைகளுக்கு வரும் அரிய நோய்களில் தொடங்கி, வயதானவர்களின் பார்க்கின்சன் வரை பேச்சு போகும். இரண்டும் தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஆனால் நொதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் இரண்டையும் கட்டிப்போடுகிறது.

லைசோசோம் என்றால் என்ன? அதற்குள் இருக்கும் நொதிகள் என்ன செய்கின்றன?

சிவப்பணுக்களைத் தவிர நம் உடம்பின் எல்லா செல்களிலும் மெல்லிய சவ்வால் மூடப்பட்ட நுண்ணிய பைகள் இருக்கின்றன. அவைதான் லைசோசோம்கள். உள்ளே சுமார் 60 வகை நொதிகள். தேய்ந்துபோன புரதம், பழைய சவ்வு, கொழுப்பு, நீளமான சர்க்கரைச் சங்கிலி என்று எது வந்தாலும் வெட்டிச் சிறு துண்டுகளாக்குவது இவற்றின் வேலை. ஒவ்வொரு நொதிக்கும் குறிப்பிட்ட ஒரு பிணைப்பை மட்டும்தான் வெட்டத் தெரியும். பக்கத்து நொதியின் வேலையை அது செய்யாது.

பைக்குள் அமிலத்தன்மை அதிகம், பி.எச். அளவு 4.5 முதல் 5 வரை. வெளியே செல்லின் உள்நீர்மத்தில் அது 7.2 அளவில் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற, பையின் சவ்வில் ஒரு பம்ப் ஆற்றலைச் செலவழித்து ஓயாமல் புரோட்டான்களை உள்ளே இறைத்துக்கொண்டே இருக்கிறது. இந்த நொதிகளுக்கு அமிலம் இருந்தால்தான் வேலை ஓடும். அதனால் ஒரு பை கிழிந்துபோனாலும் செல் உடனே கரைந்துவிடுவதில்லை.

லைசோசோமை 'செல்லின் குப்பைத்தொட்டி' என்று பாடப்புத்தகங்களில் சொல்வார்கள். எனக்கு அந்த உவமையில் திருப்தி இல்லை. பழைய வீட்டைப் பிரிப்பவர்கள் கதவு நிலையைத் தனியாக, செங்கல்லைத் தனியாக அடுக்கி வைப்பார்களே, அதுதான் இங்கே நடப்பது. பிரித்தெடுத்த அமினோ அமிலமும் கொழுப்பும் சர்க்கரையும் திரும்பச் செல்லுக்குள் போய்ப் புதிதாகக் கட்டப் பயன்படுகின்றன. சரக்கு கையிருப்பு எவ்வளவு, செல் இப்போது வளரலாமா வேண்டாமா என்பதற்கான சமிக்ஞையும் லைசோசோமின் மேற்பரப்பிலிருந்தே கிளம்புகிறது.

இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ். அவர் தேடியது வேறொன்றை. இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று பார்க்க எலியின் கல்லீரலை அரைத்து அளந்துகொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அளந்த ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதி, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்தது. அதே மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து அளந்தபோது நொதி வேகம் எகிறியிருந்தது. அப்படியென்றால் அது ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, பை கிழிந்ததும் வெளியே வந்திருக்கிறது. 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974-இல் நோபல் பரிசு.

உடம்பு முழுக்க லைசோசோம் இருக்கும்போது மூளை மட்டும் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

லைசோசோம் கோளாறால் வரும் பரம்பரை நோய்கள் சுமார் 70 தெரியவந்திருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூளையையோ நரம்பையோ தொடுகின்றன. இதற்குக் காரணம் ஒன்றிரண்டு இல்லை.

தோல் செல், குடல் செல் எல்லாம் பிரிந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒரு செல்லில் கழிவு சேர்ந்தாலும், பிரியும்போது இரண்டாகப் பங்கிடப்பட்டுக் குறைந்துவிடும். பழைய செல் உதிர்ந்துபோகும். நரம்பு செல்லுக்கு அந்த வழி கிடையாது. பிறந்த குழந்தையின் மூளையில் இருக்கும் அதே செல்தான் 80 வயதிலும் இருந்தாக வேண்டும். மூளையில் இப்படி சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். ஒவ்வொன்றும் தன் கழிவைத் தானே தீர்த்துக்கொண்டால்தான் உண்டு.

அடுத்தது தூரம். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகிற ஒரு நரம்பு செல்லின் ஆக்சான், அதாவது அதன் நீண்ட வால், ஒரு மீட்டர் நீளம் வரும். அதன் நுனியில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவோ புரதமோ, பெரும்பாலும் செல்லின் மையம் வரை திரும்ப இழுத்து வரப்பட்டால்தான் முழு அமிலத்தன்மை கொண்ட லைசோசோமைச் சந்திக்கும். வழியில் போக்குவரத்து தடுமாறினால் ஆக்சானில் ஆங்காங்கே வீக்கம் வரும். நுண்ணோக்கியில் அந்த வீக்கங்களைப் பார்த்தால் செரிக்காத மூட்டைகள் அடைந்து கிடப்பது தெரியும்.

அப்புறம் சரக்கின் தன்மை. கேங்லியோசைடு என்ற சர்க்கரை கோத்த கொழுப்பு, நரம்பு செல்லின் சவ்வில் மற்ற செல்களைவிட மிக அதிகம். ஆக்சானைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலும் தனி வகைக் கொழுப்புகள் நிறைய. இவற்றை வெட்டும் நொதியில் குறை இருந்தால், எங்கே சரக்கு அதிகமோ அங்கேதான் முதலில் தேங்கும். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா வேறு, நாளெல்லாம் மற்ற செல்களின் மிச்சங்களை விழுங்குகின்றன. அவற்றின் லைசோசோம் திணறினால் அழற்சி கிளம்பி, அருகில் இருக்கும் நல்ல செல்களையும் பாதிக்கிறது.

60-இல் ஒரே ஒரு நொதி இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய நோயா?

ஆமாம். ஏனென்றால் வெட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. சர்க்கரைச் சங்கிலியை நுனியிலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழற்ற முடியும். நடுவே ஒரு நொதி வரவில்லை என்றால் அடுத்த நொதிகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

டே-சாக்ஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎம்2 என்ற கேங்லியோசைடின் நுனிச் சர்க்கரையைக் கழற்றுவது ஹெக்சோசாமினிடேஸ் ஏ என்ற நொதி. அது அறவே இல்லாத குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் லேசான சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும். கழுத்து நிற்கப் பழகிய குழந்தைக்குக் கழுத்து தொங்கும். கண்பார்வை மங்கும், வலிப்பு வரும். பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை.

1881-இல் லண்டனில் கண் மருத்துவர் வாரன் டே இப்படி ஒரு குழந்தையின் விழித்திரையின் நடுவில் சிவப்புப் புள்ளியைப் பார்த்து எழுதி வைத்தார். அந்தப் புள்ளி நோயின் நிறம் இல்லை, ஆரோக்கியமான இடத்தின் நிறம். விழித்திரையின் நரம்பு செல்களில் கொழுப்பு சேர்ந்து சுற்றிலும் வெளுத்துவிடுகிறது. பார்வை கூர்மையாக இருக்கும் நடுக்குழியில் மட்டும் அந்த செல் அடுக்கு இல்லாததால், அடியில் இருக்கும் ரத்தச் சிவப்பு அப்படியே தெரிகிறது. மூளைக்குள் நடப்பதை உயிரோடு இருக்கும் குழந்தையின் கண் வழியே பார்க்கும் அபூர்வமான ஜன்னல் அது. நியூயார்க்கில் நரம்பு மருத்துவர் பெர்னார்ட் சாக்ஸ் 1887-இல் மூளை பாதிப்பை விவரித்தார். எந்த நொதி இல்லை என்று தெரிய 1969 வரை ஆனது.

கொழுப்பு சேர்ந்து செல் வீங்குவதோடு கதை முடிவதில்லை. லைசோசோம் அடைத்துக்கொண்டதும் மற்ற கழிவுகளும் வரிசையில் நிற்கின்றன, கால்சியம் சமநிலை குலைகிறது, அழற்சி தொடங்குகிறது. கிராபே என்ற இன்னொரு லைசோசோம் நோயில் சேரும் சைக்கோசின் என்ற பொருள் மயலின் உருவாக்கும் செல்களுக்கு நேரடி விஷம்.

நொதி எவ்வளவு இருந்தால் போதும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணுவின் ஒவ்வொரு பிரதி வருகிறது. ஒன்று பழுதானவருக்கு நொதி சுமார் பாதி இருக்கும். அந்தப் பாதியிலேயே அவர் வாழ்நாள் முழுக்க நன்றாக இருப்பார். இவரைத்தான் 'கேரியர்' என்கிறோம். இரண்டும் பழுதாகி நொதி ஏறக்குறைய பூஜ்யமானால் கைக்குழந்தையிலேயே நோய். இரண்டும் பழுதாக இருந்தும் சில சதவீதம் மட்டும் மிஞ்சினால், அதே டே-சாக்ஸ் 20 அல்லது 30 வயதில் தள்ளாட்டமாக, தசைச் சோர்வாக, சிலருக்கு மனநோயாக வரும். பல நொதிகளில் 10 சதவீதம் அளவுக்கு இருந்தாலே நோய் வராமல் தடுக்கப் போதும்.

பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில்தான் எல்லாம் நடக்கிறது. 100-ஐ 110 ஆக்கி எந்தப் பயனும் இல்லை. ஒன்றை ஐந்து ஆக்கினால் ஒரு குழந்தையின் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகலாம். இந்தத் துறையில் வைத்தியம் தேடுகிறவர்கள் நம்பிக்கை இழக்காததற்கு இந்தக் கணக்குதான் காரணம். முழு நொதியையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

நொதிப் பரிசோதனையை எப்படிச் செய்கிறீர்கள்?

ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைத் தனியாகப் பிரிக்கிறோம். உறைய வைத்து உருக்கினால் செல்லும் லைசோசோமும் உடைந்து நொதி வெளியே வரும். அதில் ஒரு செயற்கைப் பொருளைச் சேர்க்கிறோம். நொதிக்குப் பிடித்த சர்க்கரை ஒரு முனையில், மறுமுனையில் மெத்தில் அம்பெல்லிஃபெரோன் என்ற ஒளிரும் பொருள். சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் வரை அது ஒளிராது. அமிலக் கரைசலில் 37 டிகிரியில் வைத்துக் காத்திருப்போம். நேரம் முடிந்ததும் காரக் கரைசலை ஊற்றினால் நொதி நின்றுவிடும். அறுந்து விடுபட்ட பொருள் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும்.

ஆரோக்கியமானவரின் குழாய் பளிச்சென்று நீலம். கேரியருடையது சற்று மங்கல். நோயுள்ள குழந்தையின் குழாய் வெறும் தண்ணீர் போல இருட்டாக இருக்கும். கருவி எண்ணைச் சொல்வதற்கு முன்பே சில சமயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த இருண்ட குழாயைக் கையில் எடுக்கும்போது மனது கனத்துப்போகிறது.

அதே மாதிரியில் சம்பந்தமில்லாத இன்னொரு நொதியையும் கட்டாயம் அளப்போம். வழியில் வெயில் பட்டோ தாமதமாகியோ மாதிரி கெட்டிருந்தால் இரண்டும் குறையும். ஒன்று மட்டும் குறைந்து மற்றது சரியாக இருந்தால்தான் அந்தக் குறைவை நம்பலாம். உங்கள் முடிவுத் தாளில் ஒப்பீட்டு நொதியின் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

'குறைவு' என்று வந்துவிட்டால் நோய் உறுதியா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். சிலருக்குச் சோதனைக் குழாயில் நொதி குறைவாகத் தெரியும், உடம்பில் எந்தப் பிரச்சினையும் இருக்காது. போலிக் குறைபாடு என்று இதைச் சொல்லலாம். மயலின் உறை சிதையும் மெட்டாக்ரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோபி நோய்க்குரிய அரைல்சல்ஃபடேஸ் ஏ நொதியில் இது சர்வசாதாரணம். அதனால் இந்த நொதி வெட்ட வேண்டிய கொழுப்பான சல்ஃபடைடு சிறுநீரில் வெளியேறுகிறதா என்றும், மரபணுவில் என்ன மாற்றம் என்றும் பார்த்த பிறகே நோய் என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஐ-செல் நோயில் நொதிகள் எல்லாம் ஒழுங்காகத் தயாராகும். ஆனால் லைசோசோமுக்குப் போய்ச் சேர வேண்டிய முகவரிச் சீட்டு, அதாவது மேன்னோஸ்-6-பாஸ்பேட் என்ற குறி, ஒட்டப்படாது. அதனால் நொதிகள் செல்லுக்கு வெளியே கசிந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி இருக்கும், பல செல்களுக்குள் காலி. ரத்த நீரில் மட்டும் அளந்து 'நொதி தாராளமாக இருக்கிறது' என்று விட்டுவிட்டால் தவறு.

எந்த அறிகுறியைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்?

கற்றதை இழப்பது. தாமதமாக நடப்பது வேறு, நடந்துகொண்டிருந்த குழந்தை விழ ஆரம்பிப்பது வேறு. பேசிய சொற்கள் குறைந்துபோனால், பார்வை மங்கினால், புதிதாக வலிப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் பேட்டன் என்ற லைசோசோம் நோய்களில் ஒன்றான சிஎல்என்2, இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பேச்சுத் தாமதமும் வலிப்புமாகத்தான் தலைகாட்டும். சான்ஃபிலிப்போ நோயுள்ள குழந்தைகளில் பலருக்கு முதலில் தெரிவது அடங்காத துறுதுறுப்பும் தூக்கமின்மையும். ஆட்டிசம் என்றோ வெறும் குறும்பு என்றோ வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் உண்டு. அது அவர்கள் தவறில்லை.

கண்ணை நேராக மேலும் கீழும் அசைக்க முடியாமல் போவது நீமன்-பிக் சி நோயின் முக்கியத் தடயம். அந்த நோயில் நொதி சரியாக இருக்கும், கொழுப்பை லைசோசோமிலிருந்து வெளியே ஏற்றும் புரதம்தான் பழுது.

இல்லாத நொதியை ஊசியாகப் போட்டுவிட்டால் ஆயிற்றே?

உடம்புக்குப் போடலாம், போடுகிறார்கள். இதற்கு வழி திறந்தது 1968-இல் அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் நியூஃபெல்டும் அவருடைய குழுவும். ஹர்லர், ஹன்டர் இரண்டும் நீளமான சர்க்கரைச் சங்கிலி தேங்கும் நோய்கள். ஹர்லர் நோயாளியின் செல்லையும் ஹன்டர் நோயாளியின் செல்லையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தபோது இரண்டுமே சரியாகிவிட்டன. ஒரு செல் வெளியே விட்டதை மற்றது எடுத்துக்கொண்டு தன் குறையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன முகவரிச் சீட்டுதான் அதற்கு வழிகாட்டி என்று பிறகு தெரிந்தது. கொழுப்பு தேங்கி மண்ணீரல் வீங்கும் காஷே நோய்க்கு 1991-இல் நொதி ஊசி வந்தது, முதலில் மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்து. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, ரத்தம் ஊறியது.

ஆனால் மூளைக்கு அந்த ஊசி போய்ச் சேருவதில்லை. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கின்றன, நொதியோ மிகப் பெரிய மூலக்கூறு. காஷே நோயின் இரண்டாம், மூன்றாம் வகைகளில் மூளை பாதிப்பு ஊசியால் மாறாததற்கு இதுதான் காரணம்.

தடுப்பைத் தாண்ட இரண்டு வழிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. சிஎல்என்2 நோய்க்கு 2017-இல் அங்கீகாரம் பெற்ற செர்லிபோனேஸ் ஆல்ஃபாவை, தலைத்தோலுக்கு அடியில் பொருத்திய சிறு கலம் வழியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேராக மூளை அறைக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் ஆகும். நடையும் பேச்சும் சரிவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இழந்தது திரும்பி வருவதில்லை. இன்னொரு வழி, இரும்பை மூளைக்குள் ஏற்றும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியில் தொற்றிக்கொள்ளும்படி நொதியோடு ஒரு எதிர்ப்பொருளை இணைப்பது. ஹன்டர் நோய்க்கு அப்படி ஒரு மருந்தை ஜப்பான் 2021-இல் அங்கீகரித்தது.

எலும்பு மஜ்ஜை மாற்று, மரபணு சிகிச்சை?

கொடையாளரின் ரத்த ஸ்டெம் செல்லிலிருந்து வரும் சில செல்கள் மூளைக்குள் குடியேறி, மைக்ரோகிளியா போல இருந்துகொண்டு, பக்கத்து செல்களுக்கு நொதியைக் கசிய விடுகின்றன. ஹர்லர் நோயில் இரண்டு, இரண்டரை வயதுக்குள் செய்தால் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்ற முடிகிறது. சான்ஃபிலிப்போவில் இது அவ்வளவாகப் பலிக்கவில்லை.

மெட்டாக்ரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோபிக்கு ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்து, திரும்பக் கொடுப்பது. அந்த செல்கள் இயல்பைவிட அதிகமாகவே நொதியைச் சுரக்கும். ஐரோப்பா 2020-இலும் அமெரிக்கா 2024-இலும் இதை அங்கீகரித்தன. அறிகுறி தொடங்கும் முன்பே கொடுத்த குழந்தைகள் பலர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். அதே நோயால் அவர்களுடைய அண்ணனோ அக்காவோ அந்த வயதில் படுக்கையில் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் மூத்த குழந்தைக்கு நோய் தெரிந்த பிறகுதான் இளைய குழந்தையைப் பரிசோதித்துக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே இந்த நோய்கள் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று நான் வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்கிறேன்.

நொதி மாத்திரை, சத்து மாத்திரை பலன் தருமா?

கடைகளில் விற்கும் செரிமான நொதி மாத்திரை வயிற்றிலேயே வேலை முடிந்து தானும் செரிந்துபோகும். செல்லுக்குள் இருக்கும் லைசோசோமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பணத்தை வீணாக்காதீர்கள். வேறு விதமான மாத்திரை ஒன்று உண்டு: கொழுப்பு தயாராவதையே குறைத்து, இருக்கிற கொஞ்ச நொதிக்குச் சுமையைக் குறைப்பது. மிக்லுஸ்டாட் அந்த வகை. நீமன்-பிக் சி நோயின் நரம்பு பாதிப்புக்கு ஐரோப்பாவில் 2009-இலிருந்து தருகிறார்கள்.

பார்க்கின்சனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காஷே நோயாளிகளின் குடும்பங்களைக் கவனித்த மருத்துவர்களுக்கு முதலில் உறுத்தியது, அவர்களுடைய உறவினர்களில் பார்க்கின்சன் அதிகமாகத் தென்பட்டதுதான். அந்த உறவினர்கள் கேரியர்கள். 'கேரியருக்கு ஒன்றும் ஆகாது' என்று அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் எலன் சிட்ரான்ஸ்கி தலைமையில் 16 மையங்கள் சேர்ந்து 5,691 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்தன. காஷே நோய்க்குரிய ஜிபிஏ1 மரபணுவில் மாற்றம் இருப்பது, நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கு மேல் அதிகம். இன்று பார்க்கின்சனுக்குத் தெரிந்த மரபணுக் காரணிகளில் மிகப் பரவலானவற்றில் இது ஒன்று. நோயாளிகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது.

இதன் உள்வேலை இப்படி. பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பு செல்களில் கட்டியாகச் சேர்வது ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம். அதைக் கரைப்பதும் லைசோசோம்தான். ஜிபிஏ1 தரும் நொதி குறைந்தால் கொழுப்பு தேங்கி லைசோசோம் மந்தமாகும், சைனுக்ளின் சேர்ந்து கட்டியாகும். சேர்ந்த சைனுக்ளினோ, நொதி லைசோசோமுக்கு வந்து சேருவதையே தடுக்கிறது. நொதி மேலும் குறைகிறது. ஒன்றை ஒன்று துரத்தும் இந்தச் சுழல் வருடக்கணக்கில் மெதுவாகச் சுற்றும். குழந்தைக்கு மாதங்களில் நடப்பது இங்கே 50, 60 வருடம் எடுக்கிறது. பாதி நொதி போதும் என்று மேலே எழுதினேன். வயதான நரம்பு செல்லுக்கு அந்தப் பாதி சில சமயம் போதாமல் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஜிபிஏ1 மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை. முடிவைப் பார்த்துப் பயந்து தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

இருமல் மருந்து அம்ப்ராக்சால் பார்க்கின்சனுக்கு நல்லது என்கிறார்களே?

சளி இளக்கும் அதே அம்ப்ராக்சால், சரியாக மடியாத ஜிபிஏ1 நொதியை நிமிர்த்தி லைசோசோமுக்கு அனுப்ப உதவுகிறது. லண்டனில் நடந்த சிறு ஆய்வு 2020-இல் வெளியானது: 17 பேர் நாளைக்கு 1.26 கிராம் சாப்பிட்டார்கள், மருந்து மூளைத் தண்டுவட நீருக்குள் போனது உறுதியானது. நோயைத் தடுக்கிறதா என்பதற்குப் பெரிய ஆய்வுகள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த அளவு, இருமலுக்குக் கொடுப்பதைப்போல பத்து மடங்குக்கும் மேல். கடையில் வாங்கி நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

அல்சைமர், மற்ற மறதிநோய்கள்?

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது புரோகிரானுலின். இது லைசோசோமுக்குள் போய் அங்குள்ள நொதிகளின் வேலைக்கு உதவும் புரதம். இதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால் நடு வயதுக்குப் பிறகு முன்மூளை மறதிநோய் வருகிறது. குணமும் பேச்சும் மாறும். இரண்டு பிரதியும் பழுதானால் இளம் வயதிலேயே பேட்டன் வகை நோய். அப்பாவின் மறதிநோயும் பிள்ளையின் அரிய நோயும் ஒரே மரபணுவின் இரண்டு அளவுகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமைலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சுற்றி நரம்பு நுனிகள் வீங்கிக் கிடக்கும். உள்ளே பாதி செரித்த மூட்டைகள். லைசோசோமின் அமிலத்தன்மை குறைவதுதான் தொடக்கம் என்று அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் நிக்சனின் குழு வாதிடுகிறது. எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அமைலாய்டு முதலா, லைசோசோம் தளர்ச்சி முதலா என்ற சண்டை ஓயவில்லை.

பட்டினி கிடந்தால் மூளை சுத்தமாகுமா?

செல் தன்னையே பகுதி பகுதியாக லைசோசோமுக்கு அனுப்பித் தின்னும் செயல் தன்னுண்ணல். யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு இதை ஆராய்ந்து 2016-இல் நோபல் பெற்றார். அதிலிருந்து 'இத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மூளைக் கழிவு போய்விடும்' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. எலிகளில் செய்த ஆய்வுகளே மூளை விஷயத்தில் இரண்டு விதமாகச் சொல்கின்றன. உடம்பு பட்டினியிலும் மூளைக்குத்தான் முதலில் உணவை ஒதுக்கும். லைசோசோம் நோய் உள்ள குழந்தையைப் பட்டினி போடுவது ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஒரு குழந்தையை இழந்துவிட்டோம். அடுத்த குழந்தைக்கும் வருமா?

பெரும்பாலான லைசோசோம் நோய்களில் பெற்றோர் இருவரும் கேரியர். ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே 25. ஹன்டர் போன்ற சில நோய்கள் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருபவை; கேரியரான தாயின் மகன்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அடுத்த கருவுக்கு முன்பே உங்கள் குடும்பத்தின் மரபணு மாற்றம் எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் மாதிரி எங்கும் மிச்சமில்லை என்றால் பெற்றோர் இருவரையும் பரிசோதித்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பிறகு கரு 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ பார்க்கலாம். செயற்கைக் கருத்தரிப்பு செய்பவர்கள், கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பே சோதித்துத் தேர்ந்தெடுக்கவும் முடியும். என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது குழந்தையின் பழைய முடிவுத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், நொதி எண்ணும் ஒப்பீட்டு நொதி எண்ணும் இருக்கும் அந்தத் தாள் உட்பட.